விசை தந்த வித்தகர் ஜி. டி. நாயுடு

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். ஓடை நீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றிய மோட்டாரின் மீது கோயம்புத்தூர் என்று பொறித்திருந்தது. தமிழகத்தை நான் முதன்முதலில் படித்தது அந்த இரும்பில்தான்! அவ்வெழுத்துக்குக் காரணரான பெரியார் ஒருவரின் வாழ்வைத் தோழர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார் ஜி. டி. நாயுடு. பள்ளியில் அவர் மனம் ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளில் ஒட்டிக்கொண்டது! உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார், அந்த வண்டியை வாங்கினார், பிரித்தார், மீண்டும் பூட்டினார். அவர் படித்த கல்லூரி அதுவே. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைக் கொண்டு தொழில் தொடங்கினார்.

கொங்கு நாட்டின் ஆழ்கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் அது. 1932-இல் பைக்காரா மின்சாரம் பிறந்தது. மின்சாரம் வந்தும், மோட்டார் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. அந்நிலையை மாற்றத் துணிந்த நாயுடு, 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று இன்றும் அது போற்றப்படுகிறது. பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை தலைநகராயிற்று.

1945-இல் கோவையில் பொறியியற் கல்லூரி தோன்ற முன்னின்று, அதன் முதல்வருமானார். நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டே போதும் என்றார். அரசு இணங்கவில்லை, பதவியைத் துறந்தார். 1974 ஜனவரி 4-இல் மறைந்தார்.

அன்றைய மோட்டார் ஒரே வேகத்தில் சுழன்றது. நீர் குறைவாக வேண்டுமெனில் வால்வைத் திருகி அடைத்தனர், மின்சாரம் வீணாயிற்று. இன்று மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தையே குறைக்கிறோம். குழாயின் உராய்வை மட்டுமே வெல்ல வேண்டிய இடத்தில், வேகம் பாதியானால் நீரும் பாதியாகும். செலவாகும் ஆற்றலோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்! எங்கள் மலைபோல் உயரத்துக்கு ஏற்றும் இடத்தில் ஆதாயம் அவ்வளவு இராது. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று ஆராய்வது நம் கடமை.

பட்டம் பெறாத கைகள் மோட்டாரைப் பிரித்துப் பார்த்து நாட்டுக்கு விசை தந்தன. பட்டம் பெறப்போகும் நம் கைகள் ஏட்டோடு நிற்கலாமா? தோழர்களே, திருகுளியைக் கையிலெடுங்கள்!