கதவுக் காவலன்

கற்பிட்டியில் என் மாமி வீடு இருக்கிறது. விடுமுறைக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியை ஜன்னலால் பார்ப்பேன். அங்கே எரியும் நிலக்கரி நம் நாட்டு மண்ணிலிருந்து வருவதல்ல. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ தோண்டியது கப்பலேறி வருகிறது. அந்த "யாரோ"வைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது அரசறிவியல் பாடக் குறிப்பில் இருந்த ஒரே ஒரு வரி. பிரித்தானியத் தொழிற்கட்சியின் முன்னோடி கீர் ஹார்டி என்பதுதான் அந்த வரி. பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் நூலகத்தில் வேறொன்றைத் தேடப்போய், இந்த மனிதர் பத்து வயதிலே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர் என்று வாசித்தேன். என் தம்பிக்கும் பத்து வயதுதான். மின்சாரம் தடைப்பட்டால் உம்மாவின் கையை விடமாட்டான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

1856ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் லனாக்ஷயர் பகுதியில் ஹார்டி பிறந்தார். தாய் மேரி கீர் வீட்டுப் பணிப்பெண். அவரை வளர்த்தவர் சிறிய தந்தையான டேவிட் ஹார்டி, கப்பல் தச்சர். வறுமை காரணமாகப் பள்ளிக்கூடம் அவருக்குக் கிடைக்கவில்லை. வாசிக்கக் கற்றுக்கொடுத்தது தாய்தான். ஏழெட்டு வயதிலேயே கிளாஸ்கோ நகரில் கூலி வேலைக்குப் போனார்.

ஒரு பேக்கரியில் பாண் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அப்போது கப்பல் கட்டும் தளத்தில் கதவடைப்பு நடந்துகொண்டிருந்ததால் சிறிய தந்தைக்கு வேலை இல்லை. தாய் கர்ப்பிணி. தம்பி கடும் நோயில் கிடந்தான். இரவெல்லாம் தம்பியின் பக்கத்தில் விழித்திருந்த சிறுவன் இரண்டு காலைகள் வேலைக்குப் பிந்திவிட்டான். முதலாளி குடும்பத்தோடு காலை உணவு மேசையில் இருந்தபடியே அவனை அழைத்து, வேலையிலிருந்து நிறுத்தி, சம்பளத்தையும் தண்டமாகப் பிடித்துக்கொண்டார். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே வருமானம் அதுதான். ஹார்டி பிற்காலத்தில் எவ்வளவோ பெரிய மனிதர்களோடு வாதாடினார். ஆனால் அந்த மேசையை அவர் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் சுரங்கம். 1842ஆம் ஆண்டின் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்துக்கடியில் வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. ஹார்டிக்கு அப்போது பத்து. அவருக்குக் கிடைத்தது கதவுக் காவல் வேலை. சுரங்கத்தின் ஒரு குழியால் இறங்கும் நல்ல காற்று, எல்லாப் பாதைகளையும் சுற்றி மற்றொரு குழியால் வெளியேற வேண்டும். அது குறுக்கு வழியில் ஓடிவிடாமல் இருக்கத்தான் இடையிடையே மரக் கதவுகள். நிலக்கரி வண்டி வரும் ஓசை கேட்டதும் திறந்து, போனதும் மூட வேண்டும். மூட மறந்தால் காற்றோட்டம் நின்று, நிலக்கரியிலிருந்து கசியும் மீதேன் வாயு தேங்கும். ஒரு சுடர் பட்டால் வெடிக்கும். ஆக, முழுச் சுரங்கத்தின் உயிரும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையில்! நாளுக்குப் பத்து மணித்தியாலம், இருட்டில், தனியே. மாரிகாலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிர சூரியனைக் காணக் கிடைக்காது.

பின்னர் வண்டி இழுக்கும் குதிரைக் குட்டையொன்றை ஓட்டும் வேலை வந்தது. அதன் பெயர் டொனல்ட். ஒருநாள் சுரங்கத்தின் இறங்குகுழிச் சுவர்கள் நெருக்கிக்கொண்டு வருவதாக எச்சரிக்கை எழுந்தது. எல்லோரும் அவசரமாக மேலே ஏறினார்கள். ஏறிய பின்தான் ஒரு சிறுவன் குறைவது தெரிந்தது. அவனை நன்கு அறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் மீண்டும் கீழே இறங்கினார். ஹார்டி லாயத்தில் டொனல்டுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

வளர்ந்ததும் அவரே நிலக்கரி வெட்டும் தொழிலாளியானார். இந்த வேலையின் ஆபத்து என்றால் வெடிப்புத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அது சரியல்ல. பிரித்தானியச் சுரங்கங்களில் மற்ற எந்தக் காரணத்தையும் விட அதிக உயிர்களைக் கொன்றது கூரை இடிந்து விழுதலே. நிலக்கரிப் படையின் அடிப்பாகத்தைத் தொழிலாளி பக்கவாட்டில் படுத்தபடி குடைவார். தாங்கிக்கொண்டிருந்த நிலக்கரி போனதும், மேலே இருக்கும் பாறை தொங்கத் தொடங்கும். அதைத் தாங்க மர முட்டுகள் கொடுக்க வேண்டும். அனுபவசாலிகள் பிக்காசின் பிடியால் கூரையைத் தட்டிக் காது கொடுப்பார்கள். கணீரென்று கேட்டால் உறுதி. வெற்றுப் பானையைப் போலச் சத்தம் வந்தால் பாறை விட்டுப் போயிருக்கிறது என்று பொருள். ஆனால் சில பாறைகள் எந்த அறிவிப்பும் தராமலே விழும்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது கூலிக் கணக்குத்தான். வெட்டிய நிலக்கரியின் நிறைக்கே கூலி கொடுக்கப்பட்டது. முட்டு வைக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் உள்ள ஒருவர், இன்னும் ஒரு வண்டி நிரப்பிவிட்டு முட்டு வைக்கலாம் என்று எண்ணினால் அவரை எப்படிக் குறை சொல்வது? முட்டு வைக்காமல் இறந்தால் அவருடைய கவனயீனம் என்று எழுதி முடித்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. வெடிப்பில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் இறப்பதால் அது செய்தியாகும். கூரை விழுந்து ஒவ்வொருவராக இறப்பவர்கள் செய்தியாவதில்லை. மாலையில் ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி வரும், அவ்வளவுதான்.

1877ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி, அதே லனாக்ஷயரில் பிளான்டயர் சுரங்கம் வெடித்து 207 பேர் இறந்தார்கள். ஹார்டிக்கு அப்போது வயது 21. அதற்குள் அவர் இரவுப் பாடசாலையில் எழுதப் பழகியிருந்தார். சுரங்கத்தில், விளக்குப் புகையால் கறுப்பாக்கிய கல்லில் ஊசியால் கீறிச் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டார். (தொலைபேசி வெளிச்சத்தில் பாடம் படிப்பது சிரமம் என்று முறையிடும் எங்களுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.) மதுவால் சீரழியும் குடும்பங்களைக் கண்டு இளவயதிலேயே மதுவிலக்கு இயக்கத்தில் சேர்ந்தார். பேசவும் எழுதவும் தெரிந்தவர் என்பதால் மற்றத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல அவரை முன்னுக்கு அனுப்பினார்கள். விளைவாக வேலை போனது. அவர் மட்டுமல்ல, உடன்பிறந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுரங்கமும் அவருக்கு வேலை தரவில்லை.

பேனாவை எடுத்தார். கம்னொக் என்ற ஊரில் குடியேறிப் பத்திரிகைக்கு எழுதினார். 1886இல் எயார்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார். மறு வருடம் சுரங்கத் தொழிலாளருக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1888இல் முதற் தேர்தலில் 617 வாக்குகள் மட்டுமே பெற்றுத் தோற்றார். 1892இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதியில் வென்றார். எல்லோரும் கறுப்பு மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்து வந்த பாராளுமன்றத்துக்கு அவர் சாதாரண உடையும் துணித் தொப்பியுமாகப் போனார்.

அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது 1894ஆம் ஆண்டு ஜூன் மாதத்தைத்தான். 23ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல், தென் வேல்ஸின் கில்வனித் கிராமத்திலுள்ள அல்பியன் சுரங்கம் வெடித்து 290 ஆண்களும் சிறுவர்களும் மாண்டார்கள். அதே நாள் இரவு அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வாழ்த்துத் தெரிவிக்கும் பிரேரணை பாராளுமன்றத்துக்கு வந்தது. அந்நாட்களில் கொல்லப்பட்ட பிரெஞ்சு ஜனாதிபதிக்காகவும் சபை அனுதாபம் தெரிவித்தது. சுரங்கத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஓர் அனுதாப வாசகத்தைச் சேர்க்கும்படி ஹார்டி கேட்டார். சபைத் தலைவர் வாய்வார்த்தையாக வருத்தம் தெரிவித்தாரே தவிர, பிரேரணையில் சேர்க்க இணங்கவில்லை. ஹார்டி எழுந்து தனியொருவராக எதிர்த்துப் பேசினார். சபை முழுவதும் கூச்சலிட்டது. அவர் உட்காரவில்லை. பேசி முடித்தார்.

அவர் மரியாதையில்லாமல் நடந்தார் என்று அன்றைய பத்திரிகைகள் திட்டின. குழந்தை பிறந்த வீட்டைப் பற்றி அப்படிப் பேசியிருக்க வேண்டுமா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது ஒரே ஒரு வாசகம். அதைச் சேர்த்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. (அந்தக் குழந்தைதான் 1936இல் முடி துறந்த எட்டாம் எட்வேர்ட்.)

1895இல் ஹார்டி தன் ஆசனத்தை இழந்தார். ஆனால் 1900இல் அதே தென் வேல்ஸ் நிலக்கரிப் பிரதேசத்தின் மேர்தர் டிட்வில் மக்கள் அவரைத் தெரிவு செய்து, இறக்கும்வரை வைத்திருந்தார்கள். 1906இல் தொழிற்கட்சி 29 ஆசனங்களை வென்றபோது பாராளுமன்றக் குழுவின் முதல் தலைவரானார். இதற்கிடையில் 1897இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1908இல் சுரங்கத்தில் எட்டு மணித்தியால வேலைச் சட்டமும் வந்தன. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறை சென்றவர்களுக்காகவும் அவர் வாதாடினார். 1907இல் இந்தியா சென்று, இந்தியர்கள் தம்மைத் தாமே ஆள வேண்டும் என்று பேசியதற்காக லண்டன் பத்திரிகைகளிடம் மறுபடியும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

1913ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி, அவருடைய தொகுதிக்கு அதிகத் தூரமில்லாத செங்கனித் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். சட்ட மீறல்களுக்காக முகாமையாளருக்கு 24 பவுண் தண்டம், கம்பனிக்கு மேன்முறையீட்டின் பின் 10 பவுண். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். ஓர் உயிருக்கு இரண்டு ஷில்லிங்கூட வரவில்லை.

அடுத்த வருடம் உலக யுத்தம் மூண்டது. யுத்தம் வேண்டாம் என்று பேசப்போன ஹார்டியை, அவருக்கு வாக்களித்த சுரங்கத் தொழிலாளர்களே அபெர்டேர் நகரில் கூச்சலிட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். அதன் பின் அவருடைய உடல்நிலை தேறவில்லை. 1915ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் திகதி, 59 வயதில் கிளாஸ்கோவில் காலமானார்.

அவர் எப்போதும் ஒரு வெள்ளிப் பைக்கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதன் மூடியில் பல் பதிந்த அடையாளங்கள் இருந்தன. டொனல்ட் கடித்தது.