தசைக்குள் கண்மாய் கண்டவர்

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளி தறி மிதிக்கிறார். திருச்சுழிப் பக்கம் ஒரு தொழிலாளி கருவேல மரம் வெட்டுகிறார். கையும் காலும் ஓயாமல் அசைகின்றன.

இந்தப் பலம் எங்கே இருந்து வருகிறது?

சோற்றில் இருந்து வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால், காலையில் குடித்த கம்மங்கூழ், நடுப்பகலில் கோடரி வீச்சாக மாறுவது எப்படி? அதுவரை அந்தச் சக்தி உடம்பில் எந்த உருவத்தில் காத்திருக்கிறது?

இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர், சென்னையில் படித்த டாக்டர் சுப்பாராவ். அவருடைய வாழ்க்கை, தோல்வியில் தொடங்கிய வாழ்க்கை.

காசிக்கு ஓடிய சிறுவன்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது.

வசதி இல்லாத குடும்பம். சிறுவனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. ஒரு நாள் வீட்டை விட்டே ஓடிவிட்டான். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பது அவன் திட்டம்!

தாயார் வெங்கம்மா விடவில்லை. மகனைப் பிடித்து வந்து மறுபடியும் பள்ளிக்கு அனுப்பினார்.

மெட்ரிகுலேசன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு முறை தோற்றார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறைதான் தேறினார். மாநிலக் கல்லூரியில் படித்தபோது துறவியாகிவிட விரும்பினார். அதற்கும் தாயார் சம்மதிக்கவில்லை. எனவே, மக்களுக்கு மருத்துவம் செய்வோம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்திஜி அழைத்த காலம். சுப்பாராவ் கதர் அணிந்தார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இரண்டு சாவுகள்

அந்த நாட்களில் பெரிய துயரம் வந்தது. உடன்பிறந்த இருவர், சில நாள் இடைவெளியில், ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கொன்றது "ஸ்புரு" என்னும் கிராணி நோய். குடலில் உணவு ஒட்டாது. கழிச்சல் நிற்காது. ரத்தம் குறைந்து உடம்பு உருகிவிடும்.

சுப்பாராவுக்கும் கடுமையான நோய் வந்தது. டாக்டர் லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தால் அவர் பிழைத்தார்.

டாக்டராக இருந்தும் கூடப் பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. நோய்களுக்கு மருந்து தேட வேண்டும் என்ற உறுதியோடு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மாமனார் பண உதவி செய்தார். மனைவி சேஷகிரி ஊரில் இருந்தார். சுப்பாராவ் பிறகு இந்தியா திரும்பவே இல்லை.

நீல நிறம் சொன்ன சேதி

பாஸ்டன் நகரில் கையில் காசு இல்லை. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவினார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார்.

அங்கே சைரஸ் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்க எளிய வழி கண்டார். சில மருந்துகளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பாஸ்பரஸ். 1925-ல் வெளியான இந்த முறை உலகம் முழுவதும் பரவியது.

தசையைச் சோதித்தபோதுதான் அதிசயம் நடந்தது. நீல நிறம் உடனே வரவில்லை. மெல்ல மெல்ல ஏறியது!

ஏன்? தசையில் இருந்த ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, தன்னிடம் இருந்த பாஸ்பேட்டை வெளியே விட்டது. பாஸ்பேட் என்பது பாஸ்பரசும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். புதிதாகக் கண்ட பொருளுக்கு "பாஸ்போ கிரியாட்டின்" என்று பெயர். இது 1927-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது.

1929-ல் இன்னொரு பொருளையும் இருவரும் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

தண்ணீரும் மடையும்

தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதில் ஏ.டி.பி. கரைந்திருக்கிறது. ஒவ்வொரு ஏ.டி.பி. மூலக்கூறின் வாலிலும் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக நிற்கின்றன. புரதத்தின் உதவியோடு தண்ணீர் மூலக்கூறு ஒன்று அங்கே சேரும்போது, கடைசி பாஸ்பேட் கழன்றுகொள்கிறது. அப்போது வரும் சக்தியால் தசை சுருங்குகிறது. தறியின் மிதி இறங்குகிறது. கோடரி பாய்கிறது.

மழையை நம்பி வாழும் கரிசல் காட்டு மக்களுக்கு மற்றதும் எளிதில் விளங்கும். வயலில் நிற்கும் தண்ணீர் சீக்கிரம் வற்றும். கண்மாய் மடையைத் திறந்தால் மறுபடி தண்ணீர் பாயும். கண்மாய் நிரம்ப மழை வேண்டும்.

தசையில் ஏ.டி.பி.தான் வயல் தண்ணீர். கடும் வேலையில் அது சில விநாடிகளுக்கே போதும். பாஸ்போ கிரியாட்டின்தான் கண்மாய். தன் பாஸ்பேட்டைக் கொடுத்து, ஏ.டி.பி.யை உடனே புதுப்பிக்கிறது. அதுவும் சில விநாடிகளில் குறைந்துவிடும். பிறகு உண்ட சோறும் இழுத்த மூச்சும்தான் மழை.

தசைக்கு மட்டும் அல்ல, உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஏ.டி.பி. வேண்டும். மரம், செடி, புழு, பூச்சி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

இலையில் இருந்த மருந்து

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஆனார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாயில் ஓர் உண்மையைக் கண்டிருந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒரு வகை ரத்த சோகை, ஈஸ்ட் சாற்றால் குணமானது. அதில் இருந்த சத்து கீரையிலும் ஈரலிலும் இருந்தது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து "போலிக் அமிலம்" என்று அதற்குப் பெயர் வந்தது. 1945-ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

புது உயிரணு உண்டாக போலிக் அமிலம் வேண்டும். ரத்தமும் குடலின் உட்தோலும் ஓயாமல் புதிதாக உண்டாகின்றன. எனவே இந்தச் சத்து குறைந்தால் முதலில் அவையே கெடும். ஸ்புரு நோயில் நடப்பதும் இதுதான்.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் இந்தக் கூடத்தில்தான் பிறந்தது. போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் ஒன்றையும் இந்தக் குழு செய்தது. அதைக் கொண்டு டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதல் முறையாகத் தற்காலிகக் குணம் கிடைக்கச் செய்தார். 1945-ல், அங்கே பணியாற்றிய முதியவர் பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிரில் இருந்து ஆரியோமைசின் மருந்தைக் கண்டார். டெட்ராசைக்ளின் மருந்துகளில் அதுவே முதலாவது.

இன்று ஸ்புருவுக்கு டாக்டர்கள் கொடுப்பவை இரண்டு: போலிக் அமிலம், டெட்ராசைக்ளின். உடன்பிறந்தவர்களைக் கொன்ற நோய்க்கான இரு மருந்துகளும் சுப்பாராவ் தலைமை வகித்த ஆராய்ச்சியில் இருந்தே வந்தன!

பெயர் தெரியாத மாத்திரை

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் போலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அதைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.

வீட்டில் கீரையும் பயறும் சமைக்கும்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். போலிக் அமிலம் தண்ணீரில் கரையும். நெடுநேரம் கொதித்தால் குறையும். எனவே கீரையை அளவான தண்ணீரில் சீக்கிரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்ப்பது நல்லது.