துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவம்

கோணமலைத் துறைமுகத்தருகே மட்டை பிடித்தாடும் எம் மாணவர் பலர்க்கு மகாதேவா சதாசிவம் இன்று வெறும் பெயரே. ஆதலின் அவர் வரலாற்றைச் சிறிது கூறுவாம்.

1915இல் பிறந்த அவர், கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிற் பயின்று, தமிழ் யூனியன் கழகத்திற்கு ஆடினார். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இலங்கைக்காக அவர் குவித்த 215 ஓட்டங்கள் கடல்கடந்தும் அவர் பெயரை நிறுத்தின. அவர் அடித்து நொறுக்குபவரல்லர். அவர் தொட்டனுப்பிய பந்து களத்தில் நிற்போரிடையே தானே வழிகண்டு செல்லும். மறுவருடம் பிராட்மனின் அவுஸ்திரேலியர் கொழும்பில் ஆடியபோது எம் நாட்டு அணித்தலைவர் அவரே.

1951 ஒக்டோபரில் அவர் மனைவியார் கொலையுண்டார். பழி சதாசிவத்தின்மேல் வீழ்ந்தது. 1953 யூனில் யூரிமார் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தனர். எனினும் ஏறக்குறைய இருபது மாதங்கள் விளக்கமறியலிற் கழிந்துவிட்டன. அப்போது வயது முப்பத்தேழு. அவ்வயதில் ஆட்டக்காரன் இழக்கும் காலத்தை எந்நீதிமன்றம் திருப்பித் தரவல்லது?

பின்னர்ச் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் அவர் தலைமை தாங்கினார். மூன்று நாட்டணிகளை நடத்தியமை அரும்பேறே. ஆயினும் அது மாலை வெயில் என்பதே எம் எண்ணம். முதல்தரப் போட்டிகளாகக் கணக்கிலேறியவை 11 மட்டுமே. அனைத்தும் வழக்கிற்கு முந்தியவை. 1977 யூலையில் அவர் காலமானார். இலங்கை டெஸ்ற் உரிமை பெற்றது 1981இல்.