வில்லியம் ஹண்டர்

பத்துத் திங்களும் தாயையும் சேயையும் இணைத்து நின்று, மகவு பிறந்ததும் பயனற்றதென்று கழிக்கப்படுவது நஞ்சுக்கொடி. அச்சிற்றுறுப்பின் இயல்பை ஆராய்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வில்லியம் ஹண்டர் 1718ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்து லாங் கால்டர்வுட் என்னுமிடத்தில் பிறந்தார். குருத்தொழிலுக்கென்றே கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கல்வி பயின்றார். ஆயினும், வில்லியம் கல்லன் என்னும் வைத்தியரது நட்பு அவருள்ளத்தை மருத்துவத்தின்பால் திருப்பிற்று. பின்னர் லண்டன் மாநகரெய்தி, உடற்கூற்று நூல் கற்பிக்கும் பள்ளி நிறுவிப் பெரும்புகழ் பெற்றார். சார்லட் அரசியாருக்கும் பேறுகால வைத்தியராயினார்.

கருப்பையைப் பற்றிய அவரது பெருநூல் 34 சித்திரங்களுடன் 1774இல் வெளிவந்தது. தாயின் குருதியும் சேயின் குருதியும் நஞ்சுக்கொடியில் ஒன்றோடொன்று கலவாமல் ஓடுகின்றன என்பதும், கருப்பையினின்று சுருண்டு செல்லும் நாடிகளே தாயின் குருதியை ஆண்டுக் கொணர்கின்றன என்பதும் அவர் பள்ளியில் நிகழ்ந்த ஆராய்ச்சியால் தெளிவாயின.

அவ்வாராய்ச்சியே துன்பத்திற்கும் வித்தாயிற்று. அவரிடம் பயின்று அறுவைக் கலையிற் சிறந்த தம்பியார் ஜான் ஹண்டர், 1780இல் ராயல் சங்கத்தார்க்கு விடுத்த கட்டுரையில் அவ்வுண்மையைக் கண்டவர் தாமே என்றார். தமையனார் மறுத்தார். ஒருதாய் வயிற்றுப் பிறந்தார் இருவர், தாய்வயிற்றின் உறுப்பொன்றைப் பற்றியே பிரிந்தனர். வில்லியம் இறுதி நோயுற்றபோது ஜான் வந்து சிகிச்சை செய்தார். எனினும், 1783 மார்ச்சு 30இல் உயிர் நீத்த வில்லியம், குடும்ப நிலத்தைத் தம்பிக்கு வையாது மருகர் மாத்யூ பெய்லிக்கே எழுதிவைத்திருந்தார். பெய்லியோ அதனை ஜானுக்கே அளித்துவிட்டார்.

அச்சுருள் நாடிகளின் அருமையை இன்று நாம் நன்குணர்கிறோம். கரு வளருங்கால் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் அந்நாடிகளுட் புகுந்து அவற்றை அகலச் செய்தல் வேண்டும். அது செவ்வனே நிகழாதாயின் நஞ்சுக்கொடிக்குப் போதிய குருதி எய்தாது. அந்நிலையில் அதினின்று வெளிப்படும் சில பொருள்கள் தாயின் இரத்தக் குழாய்களைத் தாக்கி, 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தத்தை மிகுவிக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். வலிப்புண்டாகித் தாயும் சேயும் மடிதலும் உண்டு. காரணங்கள் பிறவும் உளவேனும், நஞ்சுக்கொடி நீங்கிய பின்னரே நோய் தணியத் தொடங்குவது இக்கருத்திற்கு அரண் செய்கின்றது.

உண்மையைக் கண்டவர் தமையனாரோ தம்பியாரோ என்று இன்று நோயுற்ற தாய் எவளும் வினவாள். அறிவு உலகிற்கெல்லாம் பொதுவாயிற்று. பிணக்கு மட்டுமே அவ்விருவர்க்கும் உரியதாயிற்று. புகழை விரும்பிக் கற்கும் நாம், பெய்லி செய்த செயலை நினைவிற் கொள்வோமாக.