பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர் பஞ்சாங்கமும்

ஒரு வீட்டில் வேறு நூல் ஒன்றேனும் இல்லாதிருப்பினும் பஞ்சாங்கம் ஒன்று இருக்கும். நாளும் கோளும் பார்த்தற்கும், கிரகண காலம் அறிதற்கும், திருநாட்களைக் குறித்துக் கொள்ளுதற்கும் அதனைக் கையில் எடாதார் அரியர். ஆயினும் அதனை இலக்கியமென மதிப்பாரும், அதனை எழுதினார் பெயரை நினைப்பாரும் இலர். ஆண்டு கழிந்ததும் அது பரண் ஏறிவிடும். இத்தகைய எளிய ஏட்டினையே கருவியாகக் கொண்டு, ஒரு நாட்டு மக்கட்கு அறிவையும் நகையையும் ஒருங்கே ஊட்டிய ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்க்ளின் என்பார். மின்னலை ஆராய்ந்தவர் என்றும், அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டோருள் ஒருவர் என்றும் நம் மாணாக்கர் அவரை அறிவர். இருபத்தைந்து ஆண்டுகள் அவர் பஞ்சாங்கம் எழுதினார் என்பதனைப் பலர் அறியார். விளையாட்டாகச் சொல்லும் சொல் எப்பொழுது தீங்காகும், எப்பொழுது நன்மையாகும் என்பதனை அவர் வாழ்வு நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

பிராங்க்ளினின் பிறந்த நாளே ஒரு புதிர். அக்காலத்துக் கணக்கின்படி அவர் பாஸ்டன் நகரிற் பிறந்தது 1705 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள். இக்காலத்து நூல்களெல்லாம் 1706 ஆம் ஆண்டு சனவரி 17 ஆம் நாள் என்கின்றன. இரண்டும் உண்மையே. இப்புதிரைப் பின்னர் அவர் பஞ்சாங்கத்தைக் கொண்டே விடுவிப்போம்.

அவர் தந்தையார் ஜோசையா இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றுப் பிழைத்தார். அவருக்குப் பிறந்த மக்கள் பதினெழுவர். ஆண்மக்களுள் இளையவர் பெஞ்சமின். பள்ளியில் அவர் பயின்றது ஏறத்தாழ இரண்டாண்டே, கணிதத்தில் தேறவுமில்லை. பத்து வயதில் தந்தையின் தொழிற்கு உதவியாக அமர்ந்தார். நூல்களின்மேல் அவர்க்கிருந்த வேட்கையைக் கண்ட தந்தையார், பன்னிரண்டாம் வயதில் அவரைத் தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலுமாறு சேர்த்தனர்.

ஜேம்ஸ் 1721 ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நையாண்டியே அதன் உயிர். அவ்வாண்டு பாஸ்டனில் வைசூரி பரவி 844 பேரை மாய்த்தது. நோயுற்றார் உடலினின்று சிறிது பால் எடுத்து நலமுடையார் உடலிற் குத்தி வைப்பின், நோய் எளிதாய் வந்து நீங்கும் என்பதனை, ஒனேசிமு என்னும் ஆப்பிரிக்க அடிமை தம் தலைவராகிய காட்டன் மாதர் என்னும் போதகருக்கு முன்னரே கூறியிருந்தார். மாதர் வேண்ட, பாயில்ஸ்டன் என்னும் மருத்துவர் துணிந்து ஏறத்தாழ 240 பேருக்குப் பால் குத்தினார். அவருள் இறந்தோர் அறுவரே. ஜேம்ஸின் பத்திரிகையோ அம்முறையைக் கடிந்து ஏளனஞ்செய்தது. பதினைந்து வயதுப் பெஞ்சமின் எழுத்துக் கோத்தும், அச்சான தாள்களைத் தெருத்தெருவாய்ச் சுமந்து சென்று கொடுத்தும் வந்தார். அவ்வேளனம் பதினைந்து ஆண்டுகட்குப் பின்னர்த் தம் வீட்டு வாயிலில் வந்து நிற்குமென அச்சிறுவர் எங்ஙனம் அறிவார்?

மறுவருடம் அவர் ஒரு விதவையின் பெயரைப் புனைந்து பதினான்கு வேடிக்கைக் கடிதங்கள் எழுதி, அச்சுக்கூடத்துக் கதவின் கீழ் இரவில் நுழைத்துவிட்டார். எழுதியவர் இன்னாரெனத் தெரியாமலே தமையனார் அவற்றை வெளியிட்டார். நகரத்தாரும் நகைத்து மகிழ்ந்தனர். பின்னர்த் தமையனாரின் கடுமை பொறாது 1723 இல் ஓடிப்போய்ப் பிலடெல்பியா நகரை அடைந்தார். அங்கும் இலண்டனிலும் உழைத்து, 1728 இல் ஒரு நண்பரொடு கூடித் தாமே ஓர் அச்சுக்கூடம் நிறுவினார்.

அந்நாளில் வேத புத்தகத்திற்கு அடுத்தபடி குடியானவர் வீடுகளிற் காணப்பட்ட நூல் பஞ்சாங்கமே. ஆகலின் அதனை அச்சிடுவோர்க்கு வருவாய் உறுதி. பிராங்க்ளின் 1732 டிசம்பரில் அடுத்த ஆண்டிற்குரிய பஞ்சாங்கத்தை வெளியிட்டார். எழுதியவர் ரிச்சர்டு சாண்டர்ஸ் என்னும் ஏழைச் சோதிடர் என்றும், வறுமை பொறாத மனைவி இடித்துரைத்தமையின் எழுத நேர்ந்ததென்றும் ஒரு கற்பனை செய்தார். ஏழை ரிச்சர்டின் பஞ்சாங்கம் என்பதே அதன் பெயராயிற்று. ஞாயிறு எழும் நேரமும் படும் நேரமும், திங்களின் வளர்ச்சியும் தேய்வும், கிரகணங்களும், நீதிமன்றம் கூடும் நாட்களும் அதில் இருந்தன. இவை எப்பஞ்சாங்கத்திலும் உள்ளனவே. நாட்களுக்கிடையே எஞ்சிய வெற்றிடங்களைப் பிராங்க்ளின் வீணாக்கவில்லை என்பதே புதுமை. பழமொழி, சிறு செய்யுள், விடுகதை, விகடம் ஆகியவற்றால் அவற்றை நிரப்பினார். அம்மொழிகளுட் பல பிறர் தொகுத்தவை. அவற்றைச் சுருக்கியும் கூராக்கியும் எளியோர் நாவில் நிற்குமாறு செய்தது அவர் திறம். ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினாயிரம் படிகள் விலையாயின.

முதற் பஞ்சாங்கத்திலேயே ஒரு பெருங்குறும்பு செய்தார். டைட்டன் லீட்ஸ் என்பார் அக்காலத்திற் புகழ்பெற்ற பஞ்சாங்ககாரர். அவர் 1733 அக்டோபர் 17 ஆம் நாள் பிற்பகல் 3 மணி 29 நிமிடத்திற்கு இறந்துபடுவார் எனக் கோள்நிலை காட்டுவதாக ஏழை ரிச்சர்டு எழுதினார். அந்நாள் கடந்தும் உயிரோடிருந்த லீட்ஸ் சினந்து மறுத்தார். மெய்யான லீட்ஸ் இத்துணை இழிவாகப் பேசாராகலின், அவர் இறந்தது உறுதியே என ரிச்சர்டு விடையிறுத்தார். லீட்ஸ் உண்மையில் இறந்தது 1738 இல். இவ்விளையாட்டு ஆங்கிலப் புலவர் சுவிப்டு 1708 இல் செய்ததனைப் பின்பற்றியது. சோதிடத்தின் பொய்ம்மையை நகையால் வெளிப்படுத்தியது உண்மையே. ஆயினும் ஐந்தாண்டுகள் ஒருவரை உயிரோடு பிணமாக்கி விற்பனை பெருக்கியதனை நாம் முற்றும் மெச்சுதற்கில்லை.

1736 ஆம் ஆண்டின் பஞ்சாங்கத்தில் மூன்று புதிர்கள் இருந்தன. வடகீழ்க் காற்று வீசுங்கால் பெருநகரங்கள் நீரின் கீழாகும் என்பது ஒன்று. நாம் போர் தொடுக்காத ஒரு வல்லரசு, வருவதும் போவதும் காணப்படாமலே, சரக்கேற்றிய கப்பல்களைத் துறைமுகங்களினின்று கொண்டுபோகும் என்பது மற்றொன்று. இருபதினாயிரம் துப்பாக்கி வீரர் கரையிறங்கிக் குடிகளைத் துன்புறுத்திக் குளிர்காலத்தில் மடிவர் என்பது மூன்றாவது. விடைகள் அடுத்த ஆண்டில் வந்தன. மழைமேகம் தலைக்குமேல் இருப்பின் நகரம் நீரின் கீழேதான் உள்ளது. கப்பல்களைக் கொண்டுபோகும் வல்லரசு காற்று. துப்பாக்கி வீரர் என்றது கொசுக்களை. ஆங்கிலத்தில் இருபெயர்களும் ஒலியால் நெருங்கியவை. ஓராண்டு முழுதும் அடுப்பங்கரைகளில் இப்புதிர்களைப் பேசி மகிழ்ந்திருப்பர் என எண்ணுகின்றோம்.

பள்ளியிற் கணிதத்தில் தோற்றவர் கணித விளையாட்டிலும் வல்லவரானார். 1736 முதல் அவர் பென்சில்வேனியாச் சட்டசபையின் எழுத்தராயிருந்தார். உறுப்பினரின் நீண்ட வாதங்கள் சலிப்பூட்டியபோது, தாளில் மாயச் சதுரங்கள் அமைத்துப் பொழுது போக்குவார். எட்டுக்கெட்டாகிய கட்டங்களில் 1 முதல் 64 வரை உள்ள எண்களை அமைத்தார். அதன் முதல் வரிசை 52, 61, 4, 13, 20, 29, 36, 45. இவற்றின் கூட்டுத்தொகை 260. முற்பாதி 130, பிற்பாதியும் 130. எவ்வரிசையைக் குறுக்கே கூட்டினும் நெடுக்கே கூட்டினும் இவ்வாறே அமையும். பதினாறுக்குப் பதினாறாகவும் ஒன்று செய்தார். அதன் தொகை 2056.

நாட்காட்டியைத் தம் ஒழுக்கத்திற்கும் பயன்படுத்தினார். பதின்மூன்று நற்குணங்களைத் தெரிந்து, ஒரு சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு குணத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாட்கட்கும் கோடிட்டு, தவறிய நாளிற் கரும்புள்ளி வைப்பார். வாரத்திற்கொரு குணமாகப் பதின்மூன்று வாரம். ஆண்டில் நான்கு சுற்று. ஆக 52 வாரமும் நிரம்பும். கணக்கு அழகாக அமைந்தது. ஒழுக்கம் அவ்வளவு எளிதில் அமையவில்லை. பொருளை அதனதன் இடத்திலும், வேலையை அதனதன் காலத்திலும் வைக்கும் ஒழுங்கு ஒன்று மட்டும் தமக்கு இறுதிவரை கைகூடவில்லை என அவரே ஒப்புக்கொண்டார்.

கொசுப்படைப் புதிர்க்கு விடை வெளிவந்த அதே பருவத்தில் பிராங்க்ளின் இல்லத்தில் இருள் சூழ்ந்தது. முதற் பஞ்சாங்கம் வெளிவருதற்குச் சில வாரங்கட்கு முன் 1732 அக்டோபரில் அவர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பிரான்சிஸ் எனப் பெயர். பஞ்சாங்கமும் பாலனும் உடன் வளர்ந்தனர். பால் குத்தும் முறை நன்றென்று பிராங்க்ளின் அப்பொழுது தேர்ந்திருந்தார். குழந்தை வயிற்றுக் கடுப்பால் மெலிந்திருந்தமையின், உடல் தேறட்டுமெனத் தாழ்த்தினார். அதற்குள் வைசூரி முந்திக்கொண்டது. 1736 நவம்பர் 21 ஆம் நாள், நான்கு வயது நிரம்பி ஒரு மாதமே ஆன நிலையில், அம்மகவு இறந்தது. காலத்தின் அருமையைக் கற்பித்த ஏட்டின் ஆசிரியர் சில நாள் தாழ்த்தமையால் தம் மகவை இழந்தனர்.

பால் குத்தியதனாற்றான் குழந்தை இறந்ததென ஊரில் வதந்தி எழுந்தது. பிராங்க்ளின் மௌனமாய் இருந்திருக்கலாம். அங்ஙனமிருப்பின், வதந்தியை நம்பிப் பிற பெற்றோரும் தம் மக்களைக் காவாது விடுவர். ஆகலின் தம் துயரை அடக்கி, தம் மகனுக்குப் பால் குத்தவில்லை, நோய் தானே தொற்றியது என்று தம் பத்திரிகையிலேயே அடுத்த மாதம் அறிவித்தார். 1759 இல் இலண்டன் மருத்துவர் எபர்டன் என்பார் அம்முறையை விளக்கி எழுதிய சிறு நூலுக்கு முன்னுரை வரைந்தார். அந்நூல் அமெரிக்காவில் இலவசமாக வழங்கப்பட்டது. முதுமையில் எழுதிய தம் சரிதையிலும் இத்தவற்றை மறையாது கூறினார். தமையனாரின் பத்திரிகை நகைத்து விலக்கியதனை, தம்பி கண்ணீரோடு பரப்பினார்.

பஞ்சாங்கத்திலும் விகடத்தோடு பயன் மிகுந்தது. 1752 இல் பிரிட்டிஷ் அரசாங்கம் நாட்கணக்கைத் திருத்தியது. அதுகாறும் மார்ச்சு 25 இல் தொடங்கிய ஆண்டு சனவரி முதல் நாளிற்கு மாறியது. கணக்கிற் பிந்தியிருந்த 11 நாட்களும் நீக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 2 ஆம் நாள் புதன்கிழமை உறங்கினோர், மறுநாள் வியாழக்கிழமை 14 ஆம் நாளாக விழித்தனர். இம்மாற்றத்தின் வரலாற்றையும் காரணத்தையும் ஏழை ரிச்சர்டு எளிய நடையில் விளக்கினார். பிராங்க்ளினின் பிறந்த நாட்புதிரும் இதனால் அவிழ்கின்றது: 11 நாள் கூட 6 ஆம் நாள் 17 ஆயிற்று, ஆண்டின் தொடக்கம் மாற 1705 என்பது 1706 ஆயிற்று. 1753 ஆம் ஆண்டின் பஞ்சாங்கத்தில், கூரைமேல் இருப்புக்கம்பி நாட்டி மின்னலைத் தரையிற் செலுத்தி வீட்டைக் காக்கும் முறை கூறப்பட்டது. தாம் கண்டவற்றிற்கு அவர் தனியுரிமை ஏதும் பெறவில்லை.

1757 இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் இருந்துகொண்டு இறுதிப் பஞ்சாங்கத்திற்கு முன்னுரை எழுதினார். சந்தையிற் கூடியோர்க்கு ஒரு முதியவர் ஏழை ரிச்சர்டின் மொழிகளையே கோத்து உழைப்பையும் செட்டையும் அறிவுறுத்துவதாகவும், கேட்டவர்கள் தலையசைத்துவிட்டு உடனே ஆடம்பரப் பொருள்களை வாங்கச் சென்றதாகவும் அதனை அமைத்தார். தம் இருபத்தைந்தாண்டு உபதேசத்தைத் தாமே நகைத்து முடித்த இப்பெருந்தன்மை எம்மைப் பெரிதும் கவர்கின்றது.

அவர் வாழ்விற் பெருங்கறை ஒன்றுண்டு. அவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அவர் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களை வெளியிட்டுப் பொருள் பெற்றது. முதுமையில் மனந்திரும்பினார். 1787 இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790 பிப்ரவரியில் காங்கிரஸ் மகாசபைக்கு விண்ணப்பம் விடுத்தார். ஜாக்சன் என்னும் உறுப்பினர் அடிமை முறையை ஆதரித்துப் பேசினார். நோயாற் படுக்கையிலிருந்த பிராங்க்ளின் தம் பழைய படைக்கலத்தை எடுத்தார். நூறாண்டுகட்கு முன் அல்ஜியர்ஸ் சபையில் ஒருவர், கிறிஸ்தவர்களைச் சிறைப்பிடித்து அடிமையாக்குதலே நீதியென, ஜாக்சனின் நியாயங்களையே எடுத்து வாதித்ததாக ஒரு சொற்பொழிவைப் புனைந்து மார்ச்சு மாதத்தில் வெளியிட்டார். படித்தோர் நகைத்தனர், நகைத்தவுடன் தம்மையே அதிற் கண்டனர். அடுத்த மாதம் 17 ஆம் நாள், தம் 84 ஆம் வயதில் அவர் காலமானார்.

இளமையில் அவர் சுமந்து சென்ற நையாண்டி நோயாளிக்குத் தீங்காயிற்று. நடுவயதின் நையாண்டி லீட்ஸைப் புண்படுத்திப் பணம் ஈட்டியது. இறுதி நையாண்டியோ தமக்கென ஒன்றும் வேண்டாது, வாய்பேச இயலாதவர்க்காகப் பேசியது. திறமை ஒன்றே, அதனைச் செலுத்திய நெஞ்சந்தான் மாறியது. நம் கல்லூரி மலரிலும் கட்டுரை முடிந்த இடத்து எஞ்சும் வெளியில் துணுக்கும் விகடமும் எழுதும் இளைஞர் உளர். அவர்கள் எழுதுகோலை எடுக்குமுன் இச்சொல்லால் நகைப்பவர் யார், நோவுறுபவர் யார் என ஒருகணம் எண்ணுவராயின், பஞ்சாங்ககாரராகிய பிராங்க்ளினுக்கு அவர்கள் நல்ல மாணாக்கர் ஆவர்.