லாக்டிக் ஆசிட் மேல் விழுந்த பழியும் சுப்பாராவ் என்ற டாக்டரும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்கினாலும் சரி, ஜிம்மில் ஸ்குவாட் போட்டாலும் சரி, தொடை எரிந்தால் பழி லாக்டிக் ஆசிட் மேல்தான். நூறு வருஷத்துக்கும் மேலான பழி இது. 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும், சோர்ந்த தவளைத் தசையில் இந்த அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசை ஆய்வுக்காக ஹில், மையர்ஹோஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு போனது. தசை சுருங்குவதற்கே லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று அப்போது நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் நம்ம சென்னையில் படித்தவர்.

எல்லாப்பிரகத சுப்பாராவ், 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடையில் அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனது பிரிட்டிஷ் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனவர், ஹார்வர்டில் படித்துக்கொண்டே வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று நீல நிறத்தை வைத்து அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் தாமதமாக ஏறியது. வேறு யாராவது பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். டேட்டாவோடு மல்லுக்கட்டும் எனக்கு அவர் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஏதோ ஒரு சேர்மம் மெதுவாக உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது என்று புரிந்துகொண்டார்கள். 1927இல் அதற்குப் பெயர் வந்தது: பாஸ்போகிரியேட்டின். தசை வேலை செய்தால் அது குறைகிறது, ஓய்வெடுத்தால் திரும்ப நிறைகிறது. 1929இல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் தனியாகக் கண்டுபிடித்ததால், பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் அவர் பெயர்தான். 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாமல் தடுத்த தசையும் சுருங்குவதைக் காட்ட, பழைய கோட்பாடு விழுந்தது.

சரி, அப்போ எரிச்சலுக்கு யார் காரணம்? வேகமாக உழைக்கும்போது தசையில் அமிலத்தன்மை கூடுவது உண்மைதான். ஆனால் லாக்டேட்டை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரம் போல ஆனதும் ரத்தத்தில் அது இயல்புக்கு வந்துவிடும். மறுநாள் வலிக்கு நுண்ணிய தசைச் சேதமே காரணம். சோர்வுக்கு இன்று அதிகம் சந்தேகிக்கப்படுவது பாஸ்போகிரியேட்டின் உடைந்து சேரும் பாஸ்பேட். ஆம், சுப்பாராவ் அளந்த அதே பாஸ்பேட்!

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறவும் 1946 வரை சட்டம் இடம் தரவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது, புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட், ஆரியோமைசின் என்று அவர் வழிநடத்திய குழுவின் பட்டியல் நீளும். 1947இல் யானைக்கால் நோய்க்கு டைஎதில்கார்பமசின் வந்தது. அந்த நோய்க்குப் பேர்போன ஊர்களில் கொச்சியும் ஒன்று.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் இறந்தபோது அவருக்கு வயது 53. ஊர்களில் யானைக்கால் நோய்த் தடுப்புக்காகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை அதே டைஎதில்கார்பமசின்தான்.