நிலவுக்கு வழி தேடியவர் செய்த குழாய்

படுவான்கரையில் போருக்குள் வளர்ந்தவர்களுக்கு ஆர்.பி.ஜி. என்பது புதிய சொல் அல்ல. தோளில் வைத்து ஏவும் அந்த ஆயுதம் வாகரையிலும் குடும்பிமலையிலும் இரு தரப்பினர் கைகளிலும் இருந்தது. இவ்வகை ஆயுதத்தின் முன்னோடியைச் செய்தவர் படைத் தளபதி அல்ல. நிலவுக்குப் போக வழி தேடிய பௌதிகவியல் பேராசிரியர். பெயர் ரொபேர்ட் கொடார்ட்.

1882 ஒக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அடிக்கடி நோயில் விழுந்ததால் பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. 17 வயதில் செரி மரமொன்றில் ஏறிக் காய்ந்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, செவ்வாய்க் கிரகம்வரை போகும் பொறியொன்றை மனதில் கண்டார். 1899 ஒக்டோபர் 19 ஆன அந்த நாளை ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். 1913 இல் சயரோகம் அவரைப் படுக்கையில் போட்டது. பிழைத்தெழுந்து, மறுவருடமே ரொக்கெட்டுகளுக்காக இரண்டு காப்புரிமைகள் பெற்றார்.

போர்க்களத்துக்கு ரொக்கெட் புதிதல்ல. 1780 இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்த மைசூர்ப் படையிடம் இரும்புக் குழாய் ரொக்கெட்டுகள் இருந்தன. அவற்றைப் பார்த்தே இங்கிலாந்தில் கொங்கிறீவ் ரொக்கெட் உருவானது. குறி சரியாக அமையாததால் பின்னர் பீரங்கி அதனை ஓரங்கட்டியது.

ஆராய்ச்சிக்குப் பணம் இல்லாத கொடார்ட், முதலாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக வேலை செய்தார். துப்பாக்கி சுடும்போது தோளை உதைக்கும். ஆனால் இரு முனையும் திறந்த குழாய்க்குள் ரொக்கெட் தன் விசையிலேயே பாய்வதால் உதைப்பு இல்லை. பீரங்கியின் வேலையை ஒரு தனி மனிதன் செய்ய வழி பிறந்தது இப்படித்தான். 1918 நவம்பரில் அபர்டீன் சோதனைத் திடலில் அதைச் செய்து காட்டினார். குழாயைத் தாங்கி நின்றது இசைக்குறிப்புத் தாள் வைக்கும் சாதாரணத் தாங்கி ஒன்று. சில நாட்களில், நவம்பர் 11 அன்று, போர் ஓய்ந்தது. இராணுவம் அந்தக் குழாயைக் கிடப்பில் போட்டது.

கொடார்ட் தன் கனவுக்குத் திரும்பினார். நிலவுக்கு ரொக்கெட் அனுப்பலாம் என்று எழுதியதற்காக 1920 இல் நியூயோர்க் டைம்ஸ் அவரை எள்ளி நகையாடியது. 1926 மார்ச் 16 அன்று, அத்தை முறையான உறவினரின் பண்ணையில், உலகின் முதல் திரவ எரிபொருள் ரொக்கெட்டை ஏவினார். அது பறந்தது இரண்டரைச் செக்கன் மட்டுமே.

அந்தக் குழாய் மறக்கப்பட்டுவிடவில்லை. 1942 இல் வேறு அதிகாரிகள் அதே வழியில் பசூக்காவை உருவாக்கினர். அதைக் கைப்பற்றிய ஜேர்மனியர்கள் தமக்கென ஒன்றைச் செய்தனர். ஜேர்மன் ஆயுதங்களைப் பார்த்துப் பழகிய சோவியத் ஒன்றியம், 1961 இல் ஆர்.பி.ஜி.-7 ஐப் படையில் சேர்த்தது. விலை குறைவு, பழகுவது இலகு, ஒருவரே தூக்கிச் செல்லலாம். அதனால் போர் மூண்ட நாடுகளுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. எங்கள் வாவிக்கரைக்கும் வந்தது.

நாகசாகியில் குண்டு விழுந்ததற்கு மறுநாள், 1945 ஓகஸ்ட் 10 அன்று, கொடார்ட் புற்றுநோயால் காலமானார். 1969 இல் மனிதன் நிலவை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், அதே பத்திரிகை தன் தவறைத் திருத்திக்கொண்டது. நிலவுக்கான கடன் அவ்வாறு தீர்ந்தது.

குழாய்க்கான கணக்கை யாரிடம் கேட்பது? எங்கள் ஊர்களில் நடந்தவற்றுக்கு கொடார்ட் ஒருவரையே பொறுப்பாக்க முடியாது. ஏவியவர்களும் ஏவச் சொன்னவர்களும் வேறு. ஆனாலும், ஆராய்ச்சிக்குப் பணம் தேடி ஒருவர் போருக்குக் கொடுத்த யோசனை, அவரது பெயரையே கேட்டிராத மக்களின் முற்றத்தில் வந்து வெடித்தது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது 2017 இல்தான். நிலம் துப்புரவாகிவிட்டது. உடம்பில் இரும்புத் துண்டுகளோடு வாழ்பவர்களுக்குப் போர் இன்னும் முடியவில்லை.